சிவப்புப் புள்ளி எரியும்போது

இருமக்கூடாது. எச்சிலை முழுங்கு. இன்னொரு தரம் முழுங்கு. தொண்டைக்குள்ள பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு, ஊரட்டும், இப்ப இருமினா வீட்டுக்குப் போனதும் செத்தேன். டிரைபாட் மேல நிக்கிற கேமரா முதுகுல கடுகளவு சிவப்புப் புள்ளி எரியுது. அது எரியற வரைக்கும் நான் பொம்மை. லோக்கல் இன்னும் பிளாட்பாரத்தை முழுசா தாண்டலை, அதோ கடைசிப் பெட்டி, அது போனப்புறமும் தண்டவாளத்துச் சத்தம் தேஞ்சு தேஞ்சு அடங்கணும், அடங்கினப்புறம் ஒரு காக்காயாவது கத்தணும், அதெல்லாம் சேர்ந்தாத்தான் இவருக்கு வீடியோ. காக்கா கத்தலாம். நாய் குரைக்கலாம். யாரோ பெத்த குழந்தை வீல்னு அலறலாம், கேட்டா ‘இயற்கையா இருக்கு’ம்பார். கட்டின பொண்டாட்டி மட்டும் மூச்சு விடக்கூடாது. போன ஆடி மாசம் இதே ஏரிவாக்கம் ஸ்டேஷன், இதே பிளாட்பாரத்து முனை, ஏதோ புது இன்ஜின் நீளமா ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தது, நடுவுல நான் ஒரு தும்மல் போட்டுட்டேன். இங்க ஒண்ணும் சொல்லலை. டீ வாங்கிக் குடுத்தார். திரும்பிப் போகையில ஜன்னலோரமா இடம் பிடிச்சுக் குடுத்தார். வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினப்புறம் டிரைபாட்டோட ஒரு காலை மட்டும் நிதானமா திருகிக் கழட்டினார். அது தனியா கழண்டு வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். இரும்பு இல்லை, ஏதோ லேசான சாமான், ஆனா எலும்புக்குத் தெரியுமா லேசு கனமெல்லாம். அடிக்கும்போது அவர் கத்தவே மாட்டார். அக்கம்பக்கத்துல ஒரு நாய்க்குத் தெரியாது. ‘அம்சவேணி, உன் தும்மலை எத்தனை பேர் கேப்பாங்க தெரியுமா, அம்சவேணி, எனக்கு எவ்வளவு அசிங்கம்னு தெரியுமா’ன்னு ஒவ்வொரு அடிக்கும் என் முழுப் பேரையும் சொல்லி, கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கி விளக்கி அடிப்பார். புள்ளி அணைஞ்சிடுச்சு. ‘ம்’னார். அந்த ‘ம்’முதான் உத்தரவு. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு இருமினேன். இருமும்போது இடது விலாவுல கத்தி சொருகற மாதிரி இருக்கு. இது ஆடி மாசத்து வலி இல்லை, இது வியாழக்கிழமை வலி.

‘இன்னா கண்ணு, இப்டி இருமுற? தண்ணி குடி’ன்னு பாட்டிலை நீட்டினது கடைசி பெஞ்சுல உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சிக்கிட்டிருந்த அக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாக்குறேன், பேரு கன்னியம்மா, கீரை வித்துட்டு மிச்சத்தை இங்க உக்காந்து ஆய்ஞ்சு எடுத்துக்கிட்டு மதிய வண்டிக்குப் போகும். ‘அவுரு உன் வூட்டுக்காரரா?’ன்னுச்சு. ஆமாக்கா. ‘ரயில்ல வேலையா?’ இல்லக்கா, கம்பெனில சூப்பர்வைசர், இது சும்மா ஆசைக்கு. ‘ஆசைக்கா! அடி ஆத்தே. எங்கூட்ல ஒண்ணு கெடந்துது, அதுக்கு ஆசைன்னா பாட்டிலு, ரெண்டாவது ஆசைன்னா பக்கத்து வூட்டுக்காரி. ரயிலு மேல ஆசப்படுற ஆம்பளைய இப்பதான் பாக்குறேன். வாரா வாரம் உன்னியும் கூட இட்டாந்து, நெழல்ல நிக்க வெச்சு… குடுத்து வெச்சவ போ.’ சிரிச்சேன். எங்க அண்ணனும் இதையேதான் சொன்னான். முதுகைத் திருப்பிக் காட்டினேன் அவன்கிட்ட, கூடப்பொறந்தவன்தானேன்னு வெக்கத்தை விட்டு ரவிக்கையை இறக்கிக் காட்டினேன், அவன் தலையைத் திருப்பிக்கிட்டு, ‘குடிக்கலை, சீட்டாடலை, பொம்பளை சகவாசம் கிடையாது, ரயிலைத்தானே பாக்குறாரு மாப்பிள்ளை, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’னான். அனுசரிச்சுத்தான்டா நிக்கிறேன். மூச்சைக்கூட அனுசரிச்சுத்தான் விடுறேன். எத்திராஜுன்னா, அதான் இவர் பேரு, ரயில் பைத்தியக்காரங்க நடுவுல அவ்வளவு மரியாதை, வீடியோவுக்குக் கீழ ‘அண்ணா சவுண்டு வேற லெவல்’, ‘கண்ணை மூடிக் கேட்டா ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரியே இருக்கு அண்ணா’ன்னு எழுதறாங்க. கண்ணை மூடிக் கேளுங்கப்பா. நல்லா கேளுங்க. அந்த ஸ்டேஷன்ல ஒருத்தி நிக்கிறாளே, அவ சத்தம் கேக்குதா? கேக்காது. அதுக்குத்தான் அந்த மரியாதையே.

ஹாரனை வெச்சே எந்த இன்ஜின், எந்த ஊரு ஷெட்டுன்னு சொல்லிடுவார். அப்படி ஒரு காது. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கும்போது தூரத்துல கூன்னு கேட்டா போதும், கை அப்படியே நிக்கும், மூஞ்சி மலரும், ‘ஈரோட்டு இன்ஜின்’ம்பார். அந்தக் காதை வெச்சிருக்கிறவன்தான் வியாழக்கிழமை என் பொண்ணு காதைக் கிழிச்சான். கிழிச்சார். கிழிச்சான்தான், மனசுக்குள்ளகூட எனக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு. மோனிஷா பிளஸ் டூ. ஸ்கூலுக்கு ஏதோ செய்யணும்னு கம்ப்யூட்டர்ல இடம் பத்தலைன்னு பழைய வீடியோ கொஞ்சத்தை அழிச்சிட்டா. அவளுக்கு எல்லா ரயிலும் ஒரே ரயில். அவர் குளிச்சிட்டு வந்தார், பாத்தார், ஈரத் துண்டோட நின்னார். நான் அடுப்புல வெண்டைக்காய் வதக்கிக்கிட்டிருந்தேன், என்னைத்தான் கூப்பிடப் போறார்னு கரண்டியைக் கீழ வெச்சேன். என்னைக் கூப்பிடலை. இத்தனை வருஷத்துல அவ மேல கை வெச்சதில்லை, அதை நினைச்சுத்தான் நான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டிருந்தேன், எல்லாம் என் மேலயே விழட்டும்னு ஒரு ஒப்பந்தம் மாதிரி, அவர்கிட்ட சொல்லாமலே நானே போட்டுக்கிட்ட ஒப்பந்தம். விரிச்ச கையால காதோட சேர்த்து ஒரு அறை. பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். பொண்ணு கத்தலை. வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. எப்ப கத்துக்கிட்டா அதை? நான் நடுவுல விழுந்தேன், விலாவுல முட்டிக்கால் இறங்கினது அப்பதான். டாக்டரம்மா காதுக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு ‘செவிப்பறை கிழிஞ்சிருக்கு, எப்படி ஆச்சு?’ன்னாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு நான் சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால. அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்குக் காலையில கிளம்பும்போது மோனிஷா பஞ்சு வெச்ச காதோட படுத்திருந்தா, ‘போயிட்டு வரேன்டி’ன்னேன், ‘என்னம்மா?’ன்னு மத்த காதைத் திருப்பினா. அந்தத் திருப்பல். கழுத்தைக் கொஞ்சமா சாய்ச்சு, கிழவி மாதிரி. என் வயித்துல பொறந்தது அப்படித் திருப்புது, நான் தயிர் சோத்தைக் கட்டிக்கிட்டு இவரோட ரயில் பாக்க வந்திருக்கேன், தூ.

‘அம்சா, வா வா, வருது!’ போனைக் காட்டிக்கிட்டே ஓடி வர்றார். சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு. அவங்க குரூப்புல யாரோ போட்டிருக்காங்க, புதுசா வண்ணம் அடிச்ச இன்ஜின் எக்ஸ்பிரஸை இழுத்துக்கிட்டுக் கிழக்க இருந்து வருதாம், மேற்க இருந்து இரட்டை இன்ஜின் பூட்டின கூட்ஸ் வருதாம், ரெண்டும் கரெக்டா ஏரிவாக்கத்துல ஒண்ணை ஒண்ணு கடக்குமாம். ‘இந்த ஷாட்டுக்காக எத்தனை வருஷமா அலையறேன் தெரியுமா?’ தெரியும். எனக்குத் தெரியாம எந்த வருஷம். பிளாட்பாரத்து மேற்கு முனையில சரிவு இறங்குற இடத்துல வீடியோ கேமராவை நிறுத்தினார், கிழக்க பாத்து. லென்ஸை ஊதி ஊதித் துடைச்சார். அந்த மஞ்சத் துணி, பூ மாதிரி இருக்கும், அதால அவர் துடைக்கிற பதவிசைப் பாக்கணும், அந்தக் கையா இந்தக் கைன்னு எனக்கு ஒவ்வொரு வாட்டியும் சந்தேகம் வரும். அப்புறம் ஃபோட்டோ கேமராவை எடுத்துக்கிட்டு சரிவுல இறங்கி, ரெண்டாவது தண்டவாளத்துக்கு நடுவுலயே போய் குத்துக்கால் போட்டு உக்காந்தார். இங்க நாலு தண்டவாளம், கிட்ட இருக்கிற ரெண்டும் லோக்கலுக்கு, தள்ளி இருக்கிற ரெண்டும் எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும். தண்டவாளம் கோடா முன்னாடி ஓடணும், அதுக்கு அந்தாண்ட ரெண்டு வண்டியும் ஒண்ணை ஒண்ணு கடக்கணும், அதுதான் படம். ‘அங்கயா?’ன்னேன். ‘ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துல இந்த லைன்ல ஒண்ணும் கிடையாது. எனக்குத் தெரியாதா? நீ மேற்கால மட்டும் பாத்துக்க. ஏதாவது தெரிஞ்சா கல்லு போடு.’ கல்லுங்கிறது எங்களுக்குள்ள ஏற்பாடு. முன்னெல்லாம் தோளைத் தொடுவேன், தொட்டா படம் ஆடுதுன்னு அதுக்கு அடி வாங்கினேன். வாயைத் திறக்கக்கூடாதுங்கிறது இருக்கவே இருக்கு. அதனால ஒரு ஜல்லிக் கல்லைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கணும், பின்னால வண்டி வந்தா அவர் காலடியில விழற மாதிரி போடணும், அவர் எழுந்து ஒதுங்கிடுவார். ரெண்டு மூணு தரம் போட்டிருக்கேன், ஒதுங்கியிருக்கார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங், நாள் முழுக்க சட்டையில நூல் பிரிஞ்சிருக்கா பாக்குற கண்ணு, ‘உன் கண்ணை நம்பித்தான் நான் இறங்குறேன்’னு பெருமையா சொல்லுவார். குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தேன். வெயில்ல சுட்டுச்சு. உக்காந்த இடத்துல இருந்தே தன் தொப்பியைக் கழட்டி என் பக்கம் வீசினார். ‘போட்டுக்க, மண்டை காயும்.’ இதுதான், இந்த இழவுதான், இப்படி ஒண்ணை நடுவுல செஞ்சு தொலைச்சிடுவார், அப்புறம் எனக்கு எதுவும் ஓடாது. தொப்பியைப் போட்டுக்கிட்டேன். உள்ள அவர் வேர்வை ஈரம்.

கல்லு ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மழுக்கு. கூர்ப்பக்கம் உள்ளங்கையில குத்துது. இதால மண்டையில ஒண்ணு போட்டா என்ன ஆகும்? பிளக்குமா, வழுக்குமா? அவருக்கு உச்சியில முடி கொட்டிடுச்சு, நல்லா இடம் இருக்கு. சீ, என்ன நினைப்பு. நினைப்புதானே, நினைப்புக்கு யார் அடிக்கப் போறா. தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருந்தது, அவர் பின்பக்கமா வந்து நின்னு ‘உப்பு பாத்தியா?’ன்னார், சட்டி பிடியில என் கை இருந்தது, ஒரு திருப்பு, ஒரே ஒரு திருப்பு, மூஞ்சியெல்லாம் தோல் வழண்டு போயிருக்கும். ‘பாத்தேங்க, சரியா இருக்கு’ன்னேன். தூங்கும்போது வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவார், தொண்டை ஏறி இறங்கும், காய் நறுக்குற கத்தி எந்த டிராயர்ல இருக்குன்னு இருட்டுல எனக்குத் தெரியும், எத்தனை ராத்திரி அந்த டிராயரை மனசுக்குள்ள திறந்து மூடியிருக்கேன். அம்மிக்குழவியைத் தூக்கியிருக்கேன். தலகாணியை அமுக்கியிருக்கேன். அரளி விதையை அரைச்சு மோர்க்குழம்புல கலந்து, அவர் சப்புக்கொட்டி சாப்பிட்டு, ‘இன்னும் கொஞ்சம் ஊத்து’ன்னு கேக்குற வரைக்கும் போயிருக்கேன். ஒவ்வொரு தரமும் காலையில எழுந்து அவருக்குக் காபி போட்டேன். எனக்கு அவரைப் பாத்து பயம் போயி ரொம்ப நாள் ஆச்சு, இப்ப என் கையைப் பாத்தாத்தான் பயம். போன மாசம் இதே லைன்ல ஒரு நாய் அடிபட்டது. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், வால் மட்டும் ஆடிக்கிட்டே இருந்தது. நான் வாந்தி எடுத்தேன். அவர் போய்ப் பாத்துட்டு வந்து ‘வீல் சுத்தமா வெட்டியிருக்கு, அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது’ன்னார். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அது எனக்கு ஆறுதலா சொன்னதுதான். அந்தச் சொல்லு அன்னைல இருந்து எங்கயோ உள்ள ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. மோனிஷாவுக்குத் தெரிஞ்சதே. எனக்கு ஒவ்வொண்ணும் தெரிஞ்சதே. பட்ட இடம், பட்ட கிழமை, என்ன பேசிக்கிட்டே அடிச்சார், எல்லாம் தெரியும். மேற்கால பாரு, அம்சவேணி. வேலையைப் பாரு. கானல்ல தண்டவாளம் நெளியுது. ஒண்ணும் இல்லை.

‘ஓடுது’ன்னார். என் பக்கத்துல கேமரா முதுகுல சிவப்புப் புள்ளி. அவரே ரிமோட்டுல போட்டுட்டார். இனிமே பேச்சு கிடையாது. அவர் முகம் என் பக்கம்தான், ஆனா முகம் எங்க இருக்கு, கேமராதான் இருக்கு, ஒரு கண்ணு அதுக்குள்ள, ஒரு கண்ணு இறுக மூடி. கிழக்க எக்ஸ்பிரஸ் இரைச்சல் கேக்குது, என் முதுகுக்குப் பின்னால. மேற்க கூட்ஸோட ரெண்டு இன்ஜினும் தெரியுது, தள்ளி இருக்கிற லைன்ல, கறுப்பா, மலை நகர்ற மாதிரி. அப்புறம் அதுக்கு இந்தப் பக்கம் இன்னொண்ணு. தட்டையான மூஞ்சி. மஞ்சளா நெத்தி. சத்தமே இல்லாம. முதல்ல எந்த லைன்னு தெரியலை, கானல்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு தெரியுது, கண்ணைச் சுருக்கினேன், நூல் பிரிஞ்சிருக்கான்னு பாக்குற கண்ணு, பொய் சொல்லாது. ரெண்டாவது லைன். காலி லோக்கல். ஆளில்லாத பெட்டியா எங்கயோ நிறுத்தக் கொண்டு போறாங்க போல, அது எந்த அட்டவணையிலயும் வராது, எந்த குரூப்புலயும் எவனும் போட மாட்டான், லோக்கலை யார் படம் எடுக்கிறாங்க. அவருக்குப் பின்னால சத்தம் கேக்கும், ஆனா அது கூட்ஸுன்னு நினைச்சுக்குவார். காது அவ்வளவு நல்ல காது. கல்லைப் போடு. போடுறேன். கை தானாவே மேல போயிடுச்சு, சத்தியமா போயிடுச்சு, எத்தனை வருஷத்துப் பழக்கம், வீசறதுக்கு முழங்கை பின்னால போயிடுச்சு. அப்பத்தான் பின்னால இருந்து கன்னியம்மா அக்கா கத்துச்சு. ‘யோவ்! கேமரா! வண்டி வர்துயா! எய்ந்துருய்யா!’ வயித்துல இருந்து கத்துற கத்தல், கீரை கூவி வித்த தொண்டை. எக்ஸ்பிரஸ் இரைச்சல்ல அவருக்கு வார்த்தை புரிஞ்சிருக்காது. பொம்பளைக் குரல்னு மட்டும் புரிஞ்சிருக்கும். என் பக்கம் இருந்து வர்ற பொம்பளைக் குரல் வேற யாருது? கேமராவுல இருந்து கண்ணை எடுக்கலை. இடது கையை மட்டும் தூக்கினார். ஆள்காட்டி விரலை நிமித்தி, என்னைப் பாத்து, மெதுவா, மேலயும் கீழயும் ஆட்டினார்.

அந்த விரலை எனக்குத் தெரியும். ‘வீட்டுக்கு வா.’ அதுக்கு அதான் அர்த்தம். கல்யாண வீட்டுல, ரேஷன் கடையில, அண்ணன் வீட்டுப் பந்தியில, யாருக்கும் தெரியாம எனக்கு மட்டும் காட்டுற விரல், அதைப் பாத்த நிமிஷத்துல இருந்து வீடு வர்ற வரைக்கும் என் வயித்துல கல்லு உக்காந்திருக்கும். நான் பேசவே இல்லையே. வாயே திறக்கலையே. இருமலைக்கூட முழுங்கிட்டு நிக்கிறேனே, உன் உசுரைக் காப்பாத்தத்தானேடா கையைத் தூக்கினேன். ராத்திரி இதைச் சொன்னா நம்புவாரா? ‘யாரோ கீரைக்காரிங்க’ன்னா நம்புவாரா? டிரைபாட் காலைத் திருகிக் கழட்டிக்கிட்டே கேப்பார். அந்த நேரம் பஞ்சு வெச்ச காதோட மோனிஷா கதவுகிட்ட வந்து நிப்பா, நடுவுல விழுவா, இந்தத் தரம் நான் இல்லை, அவதான் நடுவுல விழுவா, எனக்குத் தெரியும், என் பொண்ணு, என்னைப் பாத்து வளந்தது. மிச்சம் ஒரு காது இருக்கு. கை பின்னால போன இடத்துல நின்னுடுச்சு. அதுக்குள்ள அவர் விரலை மடக்கி அதே கையை விரிச்சு எக்ஸ்பிரஸ் டிரைவருக்கு ஆட்டினார், ஹாரன் கேட்டு, எல்லா ரயில் பைத்தியமும் ஆட்டுமே அப்படி. நல்ல மனுஷன் போல, டிரைவர் பாத்துட்டார். அடிச்சார் பாருங்க ஒரு ஹாரன். நீளமா, விடாம, ஆசைதீர, ஏரிவாக்கம் பூரா அதிர்ற மாதிரி. அந்த ஹாரனுக்குள்ள லோக்கலும் அடிச்சது, அடிச்சுக்கிட்டே வந்தது, எனக்கே லேசாத்தான் கேட்டது. அவர் உதடு சிரிக்கிறது கேமராவுக்குக் கீழ தெரியுது. எவ்வளவு சந்தோஷம். என் தொண்டை அடைக்கலை. கை மரத்துப் போகலை. கல்லு என் கையில இருக்கு, அவர் கால் எனக்கு நேரா இருக்கு, ஒரு ‘ஏங்க’ போதும், வாயைத் திறந்து ‘ஏங்க’ன்னு ஒரே வார்த்தை, அதுக்கு வேண்டிய நேரம் இருந்தது, அது முடிஞ்சு மிச்சமும் இருந்தது. பக்கத்துல பாத்தேன். சிவப்புப் புள்ளி எரிஞ்சுக்கிட்டிருந்தது. கையைக் கீழ இறக்கினேன்.

தட்டை மூஞ்சி அவரை எடுத்துக்கிட்டது. தூக்கி எறியலை, எடுத்துக்கிட்டது, ஈரத்துணியைக் கல்லுல அறையற சத்தம், அதுக்கு மேல பிரேக்கு போட்டுக் கிறீச்சிட்ட சத்தம், பெட்டி பெட்டியா காலி ஜன்னல் என் மூஞ்சிக்கு நேரா ஓடுது, ஜல்லி தெறிச்சு என் கணுக்கால்ல அடிக்குது, காத்து தொப்பியைப் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. அந்தாண்ட எக்ஸ்பிரஸும் கூட்ஸும் ஒண்ணை ஒண்ணு கடந்துக்கிட்டிருக்கு. கரெக்டா. அவர் எத்தனை வருஷமா கேட்டாரோ அந்த இடத்துல, அந்த வெளிச்சத்துல. நான் கண்ணை மூடலை. சக்கரத்துக்கு நடுவுல நீலச் சட்டை ஒரு தரம் தெரிஞ்சது, நான் பொத்தான் தெச்ச சட்டை, அப்புறம் அது சட்டை மாதிரி இல்லை. ஒரு கை தனியா முதல் லைன் ஓரமா கிடந்தது. எந்தக் கைன்னு பாத்தேன். இடது கை. விரல் எல்லாம் விரிஞ்சிருந்தது, இன்னும் ஹாரன் கேக்குற மாதிரி. அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எனக்கு அழுகை வரலை, உள்ளங்கை மட்டும் சொதசொதன்னு இருந்தது, பிரிச்சா கல்லோட கூர் உள்ள இறங்கி ரத்தம். எக்ஸ்பிரஸ் போயிடுச்சு. கூட்ஸ் கடைசி வேகனும் போயிடுச்சு. லோக்கல் பிளாட்பாரத்துல பாதியில நின்னு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. டிரைவர் கதவைத் திறந்து இறங்கி ஓடி வர்றார், சின்ன வயசு, வாயில கையை வெச்சிருக்கார். பாவம். அவரைப் பாத்ததும்தான் எனக்கு நெஞ்சு திக்குன்னது, இந்தப் பிள்ளை இன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்கும்னு.

கன்னியம்மா அக்கா கீரையெல்லாம் மடியில இருந்து உதிர ஓடி வந்து என் ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்குது. ‘அடிப்பாவி! அடிப்பாவி மவளே! நான் அங்கேர்ந்து தொண்ட கிழிய கத்துறேன், நீ இங்கயே நின்னுக்கினு… ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாடி? வாயில்ல உனக்கு?’ அக்கா முகத்துல வேர்வையா கண்ணீரான்னு தெரியலை. நான் உதட்டு மேல விரலை வெச்சேன். இன்னொரு கையால கேமராவைக் காட்டினேன். அக்கா கேமராவைப் பாத்தது, என்னைப் பாத்தது, என் தோளை விட்டுட்டு ரெண்டடி பின்னால போச்சு. பயந்து போச்சு பாவம். சத்தமெல்லாம் தேஞ்சு தேஞ்சு அடங்கினது. தண்டவாளம் டிக் டிக்குன்னு ஆறுச்சு. வேப்பமரத்துல ஒரு காக்கா கத்தினது, தனியா, நிறுத்தி நிறுத்தி, அவருக்குப் பிடிச்ச மாதிரி. மோனிஷா எழுந்திருச்சிருப்பா. தோசை மாவு இருக்கு, ஊத்திச் சாப்பிட்டாளோ என்னவோ. டிரைவர் பிள்ளை ஓடி வந்து நின்னு, ‘யாரும்மா? உங்க ஆளாம்மா?’ன்னு கேட்டது. சிவப்புப் புள்ளி இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. தொண்டைக்குள்ள காலையில இருந்து ஊர்ந்துக்கிட்டிருந்தது மேல ஏறி வந்தது, முழுங்கப் பாத்தேன், அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். முந்தானையைத் தேடலை. வாயை நல்லா திறந்து, கேமரா பக்கத்துலயே நின்னு, விலா வலிக்க வலிக்க இருமினேன்.